நீச சந்திரனும் கீதையின் ஆறாம் அத்தியாயமும்

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவருக்கு வயது 31. விருச்சிக ராசி, அனுஷம், கேது தசை நடக்கிறது. ஜாதகம் பார்த்தவர், "மனக்காரகன் சந்திரன் நீசம். மனசு கடைசிவரைக்கும் இப்படித்தான் அலையும். முத்து மோதிரம் போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். (காரகன் என்றால் ஒன்றைக் குறிக்கும் கிரகம், நீசம் என்றால் கிரகம் பலம் குறைந்திருக்கும் நிலை.) ஆபீசில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூன்று நாளைக்கு அதே நினைப்பு. தினசரி காலண்டரில் தன் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் (சந்திரன் ராசிக்கு எட்டில் இருக்கும் நாள்) என்று பார்த்தாலே படபடப்பு. கீதை படித்தாலும் மனதில் நிற்பதில்லை. மனதை அடக்கச் சாஸ்திரம் என்ன வழி சொல்கிறது, அதில் ஜோதிடத்துக்கு என்ன வேலை என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தக் "கடைசிவரைக்கும்" என்ற தீர்ப்பை எடுத்து ஓரமாக வையுங்கள். ஜோதிட சாஸ்திரம் அப்படிப் பேசுவதில்லை.

சந்திரனையும் மனதையும் சேர்த்துப் பார்ப்பது மிகப் பழைய வழக்கம். ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்திலேயே, விராட் புருஷனின் மனதிலிருந்து சந்திரன் பிறந்தான் என்று வருகிறது. 6-ஆம் நூற்றாண்டின் வராஹமிஹிரர் பிருஹத் ஜாதகத்தில், காலபுருஷனுக்குச் சூரியன் ஆத்மா, சந்திரன் மனம், செவ்வாய் பலம், புதன் வாக்கு, குரு ஞானமும் சுகமும், சுக்கிரன் காமம், சனி துக்கம் என்று வரிசையாகச் சொல்கிறார். சந்திரனுக்கு விருச்சிகம் நீச ராசி என்பதும் சரிதான். ஆனால் அதோடு ஜாதகத்தை மூடி வைத்துவிடக் கூடாது. ஆழ்ந்த நீசம் விருச்சிகத்தின் 3-ஆம் பாகையில் (பாகை என்றால் டிகிரி). அது விசாகம் 4-ஆம் பாதத்தில் வருகிறது. அனுஷம் 3 பாகை 20 கலையில்தான் தொடங்கும். அதாவது உங்கள் சந்திரன் அந்தப் புள்ளியைத் தாண்டி வந்தவன். அப்புறம் நீசபங்கம், அதாவது நீசத்தின் குறை நீங்கும் அமைப்பு, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: விருச்சிகத்துக்கு அதிபதியான செவ்வாய் லக்னத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில் (1, 4, 7, 10-ஆம் இடங்களில்) இருக்கிறாரா, குரு பார்வை கிடைக்கிறதா, பிறந்தது வளர்பிறையா தேய்பிறையா என்று. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஒரு நல்ல ஜோசியர் வாயைத் திறப்பார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டேகால் நாள் ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரண்டேகால் நாளில் உலகம் முழுக்கப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் சந்திரன் நீசம்தான். மனிதர்களில் பன்னிரண்டில் ஒரு பங்குப் பேருக்கு மனம் தேறவே தேறாது என்று எந்த ரிஷியும் சொல்லியிருக்க முடியாது. காஞ்சி மகாபெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிறந்தது 1894 மே 20, அனுஷ நட்சத்திரம். பக்தர்கள் இன்றும் மாதாமாதம் அனுஷ பூஜை செய்வது அதனால்தான். அனுஷத்தின் நான்கு பாதங்களும் விருச்சிகத்துக்குள்ளேயே அடங்குவதால் அவருக்கும் சந்திரன் நீச ராசியில்தான் இருந்தான். 13 வயதில் பீடம் ஏறி, தேசத்தின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே சுற்றிவந்தவர் அவர். மன அடக்கத்துக்கு உதாரணமாக நம் ஊரில் யாரைச் சொல்வோமோ, அவருடைய ராசியும் நட்சத்திரமும்தான் உங்களுடையதும். இதை உங்கள் ஜோசியர் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

சரி, அப்படியென்றால் ஜோதிடம் எதற்கு? வராஹமிஹிரரே லகு ஜாதகத்தில் பதில் சொல்லியிருக்கிறார். முற்பிறவியில் சேர்த்த நல்வினை தீவினைகளின் பலனை இந்த சாஸ்திரம் வெளிப்படுத்துகிறது, இருட்டில் இருக்கும் பொருள்களை விளக்கு காட்டுவது போல என்கிறார். விளக்கு பொருளை உண்டாக்குவதும் இல்லை, நகர்த்துவதும் இல்லை. அறையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் தட்டுத் தடுமாறாமல் நடக்கலாம். நடக்க வேண்டியது நாம்தான். ஜோதிடம் வேதத்தின் ஆறு அங்கங்களில் ஒன்று என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அந்த அங்கத்தின் மூல நூலான லகதரின் வேதாங்க ஜோதிடத்தில் பிறப்பு ஜாதகமும் இல்லை, பன்னிரண்டு ராசிகளை வைத்த பலனும் இல்லை. யாகத்துக்குக் காலம் குறிக்க வேண்டிய திதி, நட்சத்திரக் கணக்குத்தான் இருக்கிறது. காலத்தை அறிந்து கர்மத்தைச் செய்வதற்காக வந்த சாஸ்திரத்தை, கர்மமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சாக்காக வைத்துக்கொள்வது முறையல்ல.

கீதை எந்த வானத்தின் கீழ் சொல்லப்பட்டது என்று பலர் கவனிப்பதில்லை. மகாபாரதத்தில் கீதை இருப்பது பீஷ்ம பர்வத்தில். அதே பர்வத்தின் தொடக்கத்தில் வியாசர் திருதராஷ்டிரனிடம் வந்து, சனி ரோகிணியைப் பீடிக்கிறான் என்பதில் தொடங்கி, கிரகங்களின் கெட்ட நிலைகளையும் தீய சகுனங்களையும் அடுக்கிக்கொண்டே போகிறார். அதற்குப் பல அத்தியாயங்கள் தள்ளித்தான் அர்ஜுனன் வில்லைக் கீழே போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்காருகிறான். உடல் நடுங்குகிறது, தோல் எரிகிறது, மனம் சுழல்கிறது என்று அவனே சொல்கிறான். கிருஷ்ணன் கிரகநிலையை மறுத்தும் பேசவில்லை, அதைக் காரணம் காட்டி அவனைப் போகவிடவும் இல்லை. இன்றைய கோசாரம் (கிரகங்களின் இப்போதைய சஞ்சாரம்) சரியில்லை, இரண்டரை வருஷம் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் நமக்குக் கீதையே கிடைத்திருக்காது. வானம் மிக மோசமாக இருந்த நேரத்தில்தான் மனதைப் பற்றிய மிக உயர்ந்த உபதேசம் பிறந்திருக்கிறது. ஏழரைச் சனி, அஷ்டமச் சனி என்று பயந்து வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கீதை மனதில் நிற்கவில்லை என்கிறீர்கள். ஒருவேளை முதல் அத்தியாயத்திலிருந்து நாவல் மாதிரி படித்துக்கொண்டு போகிறீர்களோ என்னவோ. உங்கள் கேள்விக்கு வேண்டியது ஆறாம் அத்தியாயம், மொத்தம் 47 ஸ்லோகம். அதில் 34-ஆம் ஸ்லோகத்தில் அர்ஜுனன் உங்களைப் போலவே முறையிடுகிறான்: மனம் சஞ்சலமானது, கலக்கி எடுப்பது, பலமுள்ளது, பிடிவாதமானது, அதை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் மிகக் கடினம். எதிரிப்படை முழுவதையும் சமாளிக்கக் கூடியவன் பேசுகிற பேச்சு இது. அடுத்த ஸ்லோகத்தில் கிருஷ்ணன், சந்தேகமே இல்லை, மனம் அடக்கக் கடினமானதுதான் என்று முதலில் ஒப்புக்கொள்கிறான். பிறகுதான், அப்யாசத்தாலும் (விடாத பயிற்சி) வைராக்கியத்தாலும் (பற்றின்மை) அது பிடிபடும் என்கிறான். பதஞ்சலி யோக சூத்திரத்திலும் (1.12) அதே இரண்டுதான். இரண்டு பெரிய நூல்கள் ஒரே மருந்தைச் சொல்லும்போது மூன்றாவதைத் தேடி அலைய வேண்டாம்.

அப்யாசம் எப்படி இருக்க வேண்டும் என்றும் பதஞ்சலி சொல்லிவிடுகிறார் (1.14): நீண்ட காலம், இடைவிடாமல், மரியாதையோடு. நம்மில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது நடுவில் இருக்கும் "இடைவிடாமல்" என்பதில்தான். மார்கழியில் ஒரு மாதம் அமர்க்களமாக ஜபம் செய்துவிட்டுத் தை பிறந்ததும் விட்டுவிடுவோம். அதைவிட, தினமும் பத்து நிமிஷம், அதே நேரம், அதே இடம் என்று வைத்துக்கொள்வது மேல். காலையில் பல் துலக்கியதும் போனைத் தொடுவதற்கு முன் உட்காருங்கள். முதலில் சில மூச்சு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். மூச்சை வெளிவிட்டு நிறுத்துவதாலும் மனம் தெளியும் என்று சூத்திரம் 1.34 சொல்கிறது. நீங்கள் வெறுமனே மெதுவாக விட்டாலே போதும், அடக்கிப் பிடிக்க வேண்டாம். அப்புறம் உங்கள் இஷ்ட தெய்வத்தின் நாமம். இரண்டாவது நிமிஷமே மனம் ஆபீசுக்கு ஓடியிருக்கும். அங்கேதான் ஆறாம் அத்தியாயத்தின் 26-ஆம் ஸ்லோகம் உதவும்: நிலையில்லாத மனம் எங்கெங்கே ஓடுகிறதோ, அங்கங்கேயிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவந்து வசப்படுத்து. எத்தனை தடவை என்று அதில் கணக்கு இல்லை. ஓடியது தெரிந்து திரும்பக் கொண்டுவருகிற அந்தச் செயலேதான் அப்யாசம். எனக்குத் தியானம் வரவில்லை என்பவர்கள், உண்மையில் நூறு தடவை அப்யாசம் செய்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

ஒரு வார்த்தை மூன்று நாள் ஓடுவதற்கு இரண்டாம் அத்தியாயத்தின் 62, 63-ஆம் ஸ்லோகங்களைப் பாருங்கள். ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அதில் பற்று வருகிறது. பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவு தடுமாறுகிறது, நினைவு தடுமாறினால் புத்தி போகிறது, புத்தி போனால் ஆளே போனான். கோபத்தில் நின்றுகொண்டு கோபத்தை அடக்கப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். சங்கிலியின் முதல் கண்ணி, திரும்பத் திரும்ப நினைப்பதுதான். மேலதிகாரி திங்கட்கிழமை பத்தரை மணிக்கு "இதுகூடவா தெரியாது?" என்று கேட்டார் என்று வையுங்கள். அது நாலு நொடி. சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், ராத்திரி படுக்கையில் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்து, நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில்களைத் தயார் செய்வது நம் கையால் நடப்பது. முதல் தடவை ஓடும்போதே, "இதோ, ஓட ஆரம்பித்துவிட்டது" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கையில் இருக்கிற வேலைக்குத் திரும்புங்கள். காலைப் பத்து நிமிஷத்தில் பழகிய அதே திருப்பல்தான் இது.

மனிதர்களோடு பழகுவதற்குப் பதஞ்சலி தரும் நாலு மருந்தையும் (1.33) இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, கெட்டது செய்பவரிடம் கண்டுகொள்ளாமை. பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பிரமோஷன் வரும்போது முதல் மருந்து வேண்டியிருக்கும். புண்படுத்திப் பேசுபவருக்கு நாலாவது. நான் பார்த்தவரையில், மூச்சுப் பயிற்சியைவிட இந்த நாலும்தான் கஷ்டம், பலனும் இவற்றில்தான் அதிகம்.

உணவையும் தூக்கத்தையும் ஆன்மிகத்தில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். கிருஷ்ணன் விடவில்லை. அதிகம் தின்பவனுக்கும், ஒன்றும் தின்னாதவனுக்கும், அதிகம் தூங்குபவனுக்கும், விழித்தே கிடப்பவனுக்கும் யோகம் இல்லை என்று ஆறாம் அத்தியாயம் 16-ஆம் ஸ்லோகத்தில் நேராகச் சொல்கிறான். சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலகர் இதைத் தம் மகன் சுவேதகேதுவுக்குச் செய்தே காட்டுகிறார். 15 நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் குடி என்கிறார். பன்னிரண்டு வருஷம் வேதம் படித்துவந்த பிள்ளை, 16-ஆம் நாள் அப்பா ஓதச் சொல்லும்போது ஒரு மந்திரம்கூட நினைவு வராமல் நிற்கிறான். சாப்பிட்டுவிட்டு வந்ததும் கேட்டதையெல்லாம் சொல்கிறான். மனம் அன்னமயமானது என்பது அவனுக்கு அப்போது புரிகிறது. நீங்கள் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், சாப்பாட்டை எத்தனை தடவை தள்ளிப்போடுகிறீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. ஜாதகத்துக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இனி சந்திராஷ்டமம். உங்கள் ராசிக்கு எட்டாவது மிதுனம். சந்திரன் மிதுனத்தில் இருக்கும் இரண்டேகால் நாளைச் சந்திராஷ்டமம் என்கிறோம். அதிலும் அனுஷத்திலிருந்து எண்ணினால் 17-ஆவது நட்சத்திரமான திருவாதிரை நடக்கும்போது காலண்டரில் உங்கள் நட்சத்திரத்தின் பெயர் வரும். 27 நாளுக்கு ஒரு தடவை வந்துகொண்டேதான் இருக்கும். பெரியவர்கள் இதைச் சொன்னது, அன்றைக்குப் புதுக் காரியம், பெரிய வாக்குவாதம், நெடும்பயணம் வேண்டாம், கொஞ்சம் நிதானமாக இரு என்பதற்காக. நிதானத்துக்கான நாளைப் பயத்துக்கான நாளாக மாற்றிக்கொண்டால் மனதைக் கெடுப்பது சந்திரன் இல்லை, காலண்டர் தாள்தான்.

ஒன்று செய்து பாருங்கள். மூன்று மாதம், தினமும் ராத்திரி ஒரு நோட்டில் அன்றைய மனநிலையை ஒரே வரியில் எழுதுங்கள்: எரிச்சல், அமைதி, சோர்வு, இப்படி. அன்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அதுவரை காலண்டரில் சந்திராஷ்டமக் கட்டத்தைப் பார்க்காதீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் பஞ்சாங்கத்தை எடுத்து ஒப்பிடுங்கள். கெட்ட நாட்கள் மிதுனச் சந்திரனோடு பொருந்தினால், அந்த நாட்களில் முக்கியமான பேச்சைத் தள்ளிவைக்கலாம், ஜபத்தைக் கூட்டலாம். தூக்கம் குறைந்த நாட்களோடு பொருந்தினால் பரிகாரம் எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சாஸ்திரத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர் செய்யக் கூடிய காரியம்தான் இது. நம் முன்னோர்கள் வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்துத்தானே பஞ்சாங்கமே வந்தது.

கேது தசை என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஏழு வருஷம். அதே கேதுவைத்தான் ஜோதிடம் ஞானகாரகன், மோட்சகாரகன் என்றும் சொல்கிறது. பழைய பிடிப்புகள் சலித்துப்போவது இந்தத் தசையின் குணமாகச் சொல்லப்படும். அப்யாசத்தோடு வைராக்கியமும் வேண்டும் என்றானே கிருஷ்ணன், அந்த இரண்டாவது பாதி சுலபமாக வரக்கூடிய காலம் என்றே இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாதகத்தில் ஐந்தாம் இடத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பூர்வ புண்ணியம், புத்தி, மந்திரம் மூன்றுக்கும் அதுதான் ஸ்தானம். எந்த உபாசனை உங்களுக்கு ஒட்டும் என்று பார்ப்பது அங்கேதான். ஆறாம் அத்தியாயத்தின் கடைசியில், முயன்றும் தவறிப்போனவன் என்ன ஆவான் என்று அர்ஜுனன் கேட்கிறான். அவனுக்கு இங்கும் அழிவில்லை, அங்கும் அழிவில்லை. முன் உடலில் பெற்ற புத்தி அடுத்த பிறவியில் வந்து சேரும், முன்பு செய்த அப்யாசமே அவனை இழுத்துக்கொண்டு போகும் என்கிறான் கிருஷ்ணன். ஐந்தாம் இடம் காட்டுகிற பூர்வ புண்ணியத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. நேற்று விட்ட ஜபத்துக்கும் இது பொருந்தும்.

கிரகத்துக்கும் மனதுக்கும் உள்ள உறவைத் தமிழில் திருஞானசம்பந்தர் போல் யாரும் சொன்னதில்லை. 7-ஆம் நூற்றாண்டு, வேதாரண்யம். பாண்டிய அரசி மங்கையர்க்கரசியார் அழைப்பை ஏற்று மதுரைக்குக் கிளம்பும் நேரம், கோள்நிலை தீயதாக இருக்கிறது, இப்போது போக வேண்டாம் என்று அப்பர் தடுக்கிறார். வயதில் மூத்தவர், அன்பால் சொல்கிறார். சம்பந்தர் அவரை எதிர்த்து வாதாடவில்லை, கோளறு பதிகம் பாடினார். ஞாயிறு முதல் பாம்பிரண்டு வரை ஒன்பதும் அடியார்க்கு நல்லவையே என்ற வரியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதற்கு அவர் சொல்லும் காரணத்தைத்தான் வேகமாகக் கடந்துவிடுகிறோம்: "மாசறு திங்கள்கங்கை முடிமேல் அணிந்தென் உளமே புகுந்த அதனால்". கோள்கள் இடம் மாறிவிட்டன என்று அவர் பாடவில்லை. உள்ளத்துக்குள் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பாடுகிறார். மனக்காரகன் என்று நாம் பயப்படும் அந்தத் திங்களும், உள்ளே வந்து உட்கார்ந்த சிவனின் தலையில்தான் இருக்கிறது. சந்திராஷ்டம நாளில் படபடப்பு வந்தால் இந்தப் பதிகத்தை மெதுவாக, பொருள் தெரிந்து வாய்விட்டுப் படியுங்கள்.

முத்து மோதிரம் போடலாமா? ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கடன் வாங்கி வேண்டாம். அதைப் போட்டதால் காலைப் பத்து நிமிஷம் தேவையில்லை என்றும் நினைக்க வேண்டாம். கோயில் போக வேண்டும் என்று தோன்றினால் திருவையாறு பக்கத்தில் திங்களூர் இருக்கிறது, சந்திரன் தலம். அது அப்பூதி அடிகளின் ஊர். பாம்பு தீண்டி இறந்த பிள்ளையை மறைத்துவைத்துவிட்டு, அப்பருக்கு அமுது படைக்க நின்றவர். அவரும் மனைவியும் அன்று மனதை எந்த நிலையில் வைத்திருந்தார்கள் என்று அந்தச் சன்னதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயங்காமல் கேளுங்கள். அலைபாய்வது வேறு, நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பிட முடியவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தசை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருந்து சாப்பிடுகிற காலத்தில் ஜபமும் பதிகமும் தாராளமாகச் செய்யலாம். நீண்ட நேர மூச்சுப் பயிற்சியை மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.